நுரையும் அளவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவில் பீரைப் பற்றிப் பேச விரும்புகின்றோம் என்று செயற்குழுவினரிடம் நாம் தெரிவித்தபோது சிலர் சிரித்தனர். சிலர் முகம் சுளித்தனர். "சிலம்பைப் பற்றிப் பேசலாம், குறளைப் பற்றிப் பேசலாம், குடும்பத்தோடு வந்து அமரும் கூட்டத்தில் குடியைப் பற்றியா பேசுவது?" என்று ஒரு பெரியவர் வினவினார். அவர் வினவியது முறையே. ஆயினும் குடும்பத்தோடு அமரும் கூட்டமாக இருப்பதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம். மதுவைப் புகழ்ந்து பேச நாம் வரவில்லை. இகழ்ந்து பேசிக் கைதட்டல் பெறவும் வரவில்லை.

நம் குடியிருப்பின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தை மாலையில் செய்தித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு வீடு வருகின்றார். மகன் சனிக்கிழமை இரவு நண்பன் வீட்டில் தங்குவதாகச் சொல்லிச் செல்கின்றான். தாய் அறிந்தும் அறியாதவள் போல் அடுக்களையில் நிற்கின்றாள். பொருள் வீட்டிற்குள் வந்துவிட்டது; அதைப் பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை. பேசாத பொருளுக்கு அளவு சொல்வார் யார்? இதுவே நம் உரையின் கரு. முதலில் பீர் இவ்வூருக்கு வந்த கதையைப் பார்ப்போம்.

பெங்களூருக்கும் பீருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1809-ஆம் ஆண்டு முதல் இங்கே வெள்ளையரின் படைக் குடியிருப்பு அமைந்தது. நம்மவர் பலருடைய முன்னோர் இவ்வூருக்கு வந்ததும் அந்தக் கண்டோன்மெண்டை நம்பியே அன்றோ! படை வீரர்க்குப் பீர் வேண்டும். தொடக்கத்தில் அது இங்கிலாந்திலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வந்தது. நெடுங்கடலில் கெடாதிருக்க ஹாப் என்னும் கசப்புப் பூவை மிகுதியாகச் சேர்த்தனர். அவ்வாறு அனுப்பப்பட்ட வெளிறிய நிறமுடைய பீருக்குப் பிற்காலத்தில் 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர் நிலைத்தது. நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு பானத்தை நம்மில் பெரும்பாலோர் அறியாதிருந்தது வேடிக்கையே.

பின்னர்க் குளிர்ந்த இடங்களாகிய நீலகிரியிலும் பெங்களூரிலும் வடிசாலைகள் எழுந்தன. 1915-ஆம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு வடிசாலைகள் ஐந்தை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் பெரும் பீப்பாய்கள் மாட்டு வண்டிகளில் ஏறிப் படை முகாம்களுக்குச் சென்றன. நாடு விடுதலை பெற்ற 1947-இல் விட்டல் மல்லையா அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். இன்று அதன் ஆட்சி நெதர்லாந்தின் ஹைனகன் நிறுவனத்திடம் உள்ளது. 2021-இல் அம்மாற்றம் நிகழ்ந்தது. கிராண்ட் ரோடு என்று நம் பெரியோர் அழைத்த தெரு இப்போது விட்டல் மல்லையா சாலை. அங்கே பழைய வடிசாலை நின்ற இடத்தில் யூ.பி. சிட்டி என்னும் வானளாவிய கட்டடம் நிற்கின்றது.

ஆலைப் பீர் எங்கே வாங்கினும் ஒரே சுவையாக இருக்கும். அது அதன் சிறப்பு. அதுவே அதன் குறையும் ஆகும். 2008-ஆம் ஆண்டளவில் வட நாட்டில் குர்கானில் சிறு வடிசாலை ஒன்று தோன்றியது. அடுத்துப் புனே நகரிலும் தோன்றியது. 2010-க்குப் பின் இந்நகரம் அவ்வழியில் விரைந்து சென்றது. இந்திரா நகர் 100 அடிச் சாலையில் டாய்ட், முன்சொன்ன விட்டல் மல்லையா சாலையிலேயே பியர் கிளப், அமெரிக்க நாட்டின் ஆன் ஆர்பர் நகரத்து வடிசாலையோடு உறவுடைய ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று அவை அடுத்தடுத்துத் தோன்றின. அங்கேயே வடித்து அங்கேயே ஊற்றுவது இவற்றின் வழக்கம். ஒன்றில் பாசுமதி அரிசி சேர்த்து வடிக்கின்றனர். மாம்பழக் காலத்தில் மாம்பழ பீர், குடகுக் காப்பிக்கொட்டை சேர்த்த கரும் பீர் என இந்நிலத்து விளைபொருள்களும் குவளைக்குள் இடம் பெற்றுவிட்டன.

நாம் அங்கே சென்றது எவ்வாறு என்று கேட்பீர்கள். நம் தமக்கையின் மகன் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகின்றான். நம் வீட்டிலேயே தங்கியிருக்கின்றான். அவனுடைய சனிக்கிழமை இரவுகளைப் பற்றி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டோம். அவன் தலை குனிந்து நின்றான். பிறகு, "மாமா, நீங்களே ஒரு முறை வந்து பாருங்கள். பார்த்துவிட்டு வையுங்கள்" என்றான். மறு வாரம் பகற்பொழுதில் அவனோடு இந்திரா நகரத்து வடிசாலை ஒன்றிற்குச் சென்றோம்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரக் கலன்கள் நின்றன. பொறுப்பாளராகிய இளைஞர் நம் நரைத்த தலையைக் கண்டு தயங்கினாலும், கேட்டவற்றிற்கெல்லாம் பொறுமையாக விடை கூறினார். ஒரு கைப்பிடி தானியத்தை எடுத்து, "மென்று பாருங்கள் ஐயா" என்று தந்தார். அது இனித்தது. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, வெப்பத்தில் உலர்த்தி எடுத்த மால்ட் அது. அதனை உடைத்து 65 முதல் 68 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கின்றனர். முளையிலே பிறந்த நொதிகள் தானியத்தின் மாவை அப்போது சர்க்கரையாக்குகின்றன. அந்த இனிய நீரை வடித்து, ஹாப் பூவை இட்டு, மேலும் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கின்றனர். பின்பு விரைந்து குளிரச் செய்து ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்க்கின்றனர். அது சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றது. 'ஏல்' வகைக்கு 20 டிகிரி அளவான வெப்பம் போதும். 'லாகர்' வகைக்கு 10 டிகிரி அளவான குளிரும் பல வாரக் காத்திருப்பும் வேண்டும். தானியம், நீர், பூ, நுண்ணுயிர் என்னும் நான்கே பொருள்கள். ஐந்தாவது பொருள் பொறுமை.

வீடு திரும்பியதும் இவை அனைத்தையும் நம் இல்லத்தரசியிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டார். முடிவில், "கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சினேனே, அது பாதி, இட்லி மாவைப் பொங்க வைக்கின்றேனே, அது மறு பாதி. இதற்கா கண்ணாடிச் சுவர் வைத்துக் காட்டுகின்றார்கள்?" என்றார். நாம் திகைத்து நின்றோம். ஓர் அறிவியல் நூலின் சாரத்தை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். முளைகட்டிய தானியம் ஏன் இனிக்கின்றது என்பதும், மாவு குளிர்காலத்தில் ஏன் பொங்க மறுக்கின்றது என்பதும், பழைய மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் புது மாவு ஏன் விரைந்து புளிக்கின்றது என்பதும் நம் அன்னையர் கைப்பழக்கத்தால் அறிந்தவை. இந்த நுண்ணுயிர்களின் செயலை ஐரோப்பாவில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து பீரைப் பற்றித் தனி நூல் எழுதியது 1876-இல்தான்.

நம் முன்னோரும் இதனை அறியாதவர் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்து கூறப்படுகின்றது. அங்கே அரிசிக் களியை அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவிட்டு, முளைத்த தானியத்தை இடித்துக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழியவிட்டு, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை படிப்படியாக உள்ளது. இந்திரா நகரத்து இளைஞர் நமக்குச் சொன்ன முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே. இன்றும் சிக்கிம் மாநிலத்தில் நம் கேழ்வரகிலிருந்தே தோங்பா வடிக்கின்றனர். அஸ்ஸாமில் திமாசா மக்கள் அரிசியில் வடிக்கும் ஜுதிமா 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது.

நமக்குப் பிடித்த பீர் எது என்று இளைஞர்கள் ஆவலோடு நோக்குகின்றீர்கள். மறைப்பானேன்? சொல்லிவிடுகின்றோம். கோதுமை பீர் முதலிடம் பெறும். அதில் பழுத்த வாழையின் மணமும் கிராம்பின் மணமும் எழும். வாழையோ கிராம்போ அதில் சேர்ப்பதில்லை. அம்மணங்கள் ஈஸ்டின் கொடை என்று அறிந்தபோது வியந்தோம். வறுத்த மால்டால் ஆன கரும் பீர் இரண்டாவது. பித்தளை வடிகட்டியில் இறங்கிய முதல் டிகாக்ஷனை நினைவூட்டும் பானம் அது. ஹாப் மிகுந்த இந்தியா பேல் ஏல் நம் மருமகனுக்கு உயிர். நமக்கு முதல் வாய் கசந்தது. ஆயினும் வேப்பம்பூ ரசத்தையும் பாகற்காய்க் குழம்பையும் விரும்பி உண்ணும் இனத்தார் கசப்பைக் கண்டு அஞ்சலாமா? நம் அலுவலக நண்பர் ஒருவர் மட்டும், "குளிர்ந்த பாட்டில் பீரே போதும், மற்றவை காய்ச்சல் மருந்து" என்று சாதிப்பார். நாவுக்கு நாடாளுமன்றம் இல்லை. அவரவர் சுவை அவரவர்க்கு.

ஒன்றை மட்டும் கவனித்தோம். அங்கே ஒரு குவளை 300, 400 ரூபாய். எழுத்தர் ஒருவரின் வீட்டிற்கு இரண்டு மூன்று நாள் காய்கறிச் செலவு அது. ஆகவே நாம் அக்குவளையை ஒரு மணி நேரம் பருகினோம். அடுத்த மேசையில் ஓர் இளைஞர் கூட்டம் அதே நேரத்தில் நான்கு நான்கு குவளைகளைக் காலி செய்தது. என்ன பருகினீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கு விடை தெரிந்திராது. கைவினைப் பானத்தின் கவர்ச்சி, செய்தவன் முகத்தை அறிவதிலும் சுவையை நின்று நோக்குவதிலும் உள்ளது. அதனை விழுங்கிவிட்டு ஓடுபவனுக்குச் சாராயக் கடையே போதுமே!

இனி வீட்டிலே வடித்தல் பற்றிச் சொல்ல வேண்டும். மேனாடுகளில் இது நல்லதொரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1963-இல் வீட்டில் வடிப்பதற்கான உரிமக் கட்டுப்பாட்டை நீக்கினர். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் வடித்தலை அனுமதித்தது; இருவர் உள்ள வீட்டிற்கு ஆண்டிற்கு 200 காலன் என்று அளவும் வகுத்தது. அந்நாளில் அந்நாட்டில் நூற்றுக்கும் குறைவான வடிசாலைகளே இருந்தன. அடுக்களையில் கற்றுக்கொண்டவர்கள் பின்னர்த் தாமே வடிசாலை தொடங்கினர். இன்று அவற்றின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது.

இவற்றையெல்லாம் படித்த நம் மருமகனுக்கும் ஆசை பிறந்தது. ஒரு நாள் நள்ளிரவில் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. நம் இல்லத்தரசி பாம்பு என்று அஞ்சி விளக்கைப் போட்டார். பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் ஒரு மரக்காலுக்கு மேல் பீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது! "அத்தை, தொடாதீர்கள், இன்னும் ஐந்து நாள் இருக்கின்றது" என்று அவன் பதறினான். அவன் முகத்தில் அப்போது கண்டது குடிப்பவனின் களிப்பன்று. பயிர் முளைத்ததைக் கண்ட உழவனின் களிப்பு. அதனை நாம் மறக்கவில்லை.

ஆயினும் மறுநாள் காலை நாம் கடுமையாக இருக்க நேர்ந்தது. 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டப்படி உரிமம் இன்றி மது வடித்தல் குற்றம். நாம் குடியிருப்பதோ இரயில்வே வீடு. 1966-ஆம் ஆண்டின் இரயில்வே பணியாளர் நடத்தை விதிகள், அவ்வவ்விடத்து மதுச் சட்டத்தை வழுவாது பின்பற்றுமாறு நமக்குக் கட்டளையிடுகின்றன. வண்டி ஓட்டும் தோழர்கள் பணியேறும்போது மூச்சுச் சோதனைக்கு உட்படுகின்றார்கள். ஓராயிரம் உயிர்கள் பின்னால் வருகின்றன அல்லவா? "நீ செய்தது தாழ்ந்த செயல் என்று நாம் சொல்லவில்லை, சட்டத்திற்குப் புறம்பான செயல். இக்கூரைக்கும் எங்கள் ஊதியத்திற்கும் கேடு வரும்" என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தானே குடுவையைத் தூக்கிச் சென்று கழிநீர்த் தொட்டியில் ஊற்றினான். அத்தனை நாள் உழைப்பு நுரைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து நம் இல்லத்தரசியின் கண்களும் கலங்கின. ஆயினும் அந்த வாரம் முதல் எங்கே செல்கின்றான், எத்தனை குவளை என்பதை அவன் நம்மிடம் மறைத்ததில்லை. ஊற்றிய பீருக்கு ஈடாக உண்மை வந்து சேர்ந்தது.

சட்டம் வெறும் வறட்டுக் கட்டுப்பாடு என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டா. 1981-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்நகரில் நஞ்சுச் சாராயம் அருந்தி முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாம் தொட்டிற் பிள்ளையாக இருந்த காலம் அது. தெருவெல்லாம் ஒப்பாரி கேட்டதாக அன்னையார் சொல்வார். 2007-இல் கர்நாடகம் சாராயத்தை ஒழித்தது. ஆயினும் 2008 மே மாதத்தில் பெங்களூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தானியம் புளித்ததனால் வந்த சாவுகள் அல்ல இவை. தொழிற்சாலைக்குரிய மெத்தனால் என்னும் நஞ்சு கலந்ததனால் வந்தவை. மாண்டவர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர். என்ன குடிக்கின்றோம், யார் செய்தது என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை.

நல்ல முறையில் வடித்த பீரும் தீங்கற்றதன்று. பாதுகாப்பான அளவு என்று மதுவிற்கு ஒன்றும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக உரைத்தது. புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் பட்டியலில் மது 1988 முதலே உள்ளது. அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்டதைப் பாடிய அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைக் கொணர்ந்ததும் தமிழ்நாட்டில். 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக விற்பதும் தமிழ்நாட்டில். விலக்கும் கண்டோம், விற்பனையும் கண்டோம். இரண்டுக்கும் நடுவே வீட்டிற்குள் அமர்ந்து பேசுதல் என்னும் ஒன்றை மட்டும் நாம் செய்து பார்க்கவில்லை.

ஆதலின் தாய்மார்களே, மகன் எங்கே செல்கின்றான் என்பதை ஒற்றறிந்து தெரிந்துகொள்ளாதீர்கள், நேராகக் கேளுங்கள். தந்தையரே, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வராதீர்கள். மகன் முன் மறைக்க வேண்டிய அளவு எதுவோ, அது மிகுந்த அளவு என்று அறிந்துகொள்ளுங்கள். குடிக்காதவரை நாம் வணங்குகின்றோம். அவர் குடிக்கத் தொடங்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. இளைஞர்களே, செய்கலையின் மீது உங்களுக்கு உண்மையான காதல் இருக்குமாயின் உரிமம் பெற்ற வடிசாலைகளில் சென்று முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஒரு வாரம் அம்மாவோடு நின்று இட்லி மாவு அரைத்துப் பழகுங்கள். எத்தனை மணிக்குப் பொங்கும், எப்போது புளிப்பு மிஞ்சும் என்பது கைக்குத் தெரியட்டும். அளவு என்பதைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

மருமகனுடைய கண்ணாடிக் குடுவை இப்போது நம் அடுக்களையில் உள்ளது. அதில் நம் இல்லத்தரசி எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கின்றார். அதனைக் காணும்போதெல்லாம் அவன் சிரிக்கின்றான், நாமும் சிரிக்கின்றோம். மறைக்க ஒன்றுமில்லாத வீட்டின் சிரிப்பு அது. நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் அச்சிரிப்பு ஒலிக்க வேண்டும் என்று விழைந்து அமர்கின்றோம்.